இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் திறக்க மறுக்கிறது

"அண்ணா, மூணாவது தடவையா அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போட்டுட்டேன். திரும்பவும் அதேதான் வருது."

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. போன் செய்தவன் சேலத்துத் தம்பி. மெக்கானிக்கல் முடித்துவிட்டு பெங்களூர் வந்து பீன்யாவில் ஒரு சின்ன டிசைன் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தங்கியிருப்பது பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பிஜி. அந்த பிஜி வைஃபையில் ஆபீஸ் வேலைக்கான சிமுலேஷன் சாஃப்ட்வேரை, முப்பது ஜிபிக்கு மேல், இறக்கி, அழித்து, மறுபடி போட்டிருக்கிறான்.

"எரர் என்னன்னு படி."

"ஏதோ லைசென்ஸ்னு சொல்லுது அண்ணா."

"மைனஸ் போட்டு ஒரு நம்பர் இருக்கும் பாரு."

"மைனஸ் பதினஞ்சு."

அதைக் கேட்டதும் பாவமாக இருந்தது. சாஃப்ட்வேர் முதல் தடவையே ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. திறக்கும்போது அது பீன்யா ஆபீஸில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்கிறது. பிஜியில் இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு வழியே கிடையாது. முப்பது தடவை போட்டாலும் அதே நம்பர்தான் வரும்.

ஒரு பொருள் சுமை தாங்குமா என்று செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அந்த சாஃப்ட்வேர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. வேர்ட், போட்டோஷாப் மாதிரி ஒரே புரோகிராம் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே பார்த்தால் நாலைந்து புரோகிராம்கள். மாடல் வரைய ஒன்று, அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மெஷ் போட ஒன்று, கணக்குப் போட சால்வர், விடையைக் கலர் கலராகக் காட்ட ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாசலில் உட்கார்ந்திருக்கும் லைசென்ஸ் மேனேஜர். பெங்களூர் வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் முதலில் குழாயை மாற்ற மாட்டார்கள். காவிரித் தண்ணீர் விட்டார்களா, சம்ப்பில் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மாடித் தொட்டி நிறைந்ததா, வால்வை யாராவது மூடினார்களா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே வேலைதான். கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும்வரை எதையும் அழிக்கக் கூடாது.

இந்த சாஃப்ட்வேர்கள் இவ்வளவு முரண்டு பிடிப்பதற்கு வயதும் ஒரு காரணம். நாஸ்ட்ரான் 1960-களில் நாசாவுக்காக எழுதப்பட்டது. ஆன்சிஸ் கம்பெனியை ஜான் ஸ்வான்சன் 1970-இல் தொடங்கினார். அபாகஸ் 1978-இல் வந்தது. அன்றைக்கு மொழி ஃபோர்ட்ரான், உள்ளீடு ஓட்டை போட்ட அட்டை. ஒரு அட்டையில் 80 எழுத்து, எட்டு எட்டாகப் பிரித்தால் பத்துக் கட்டம். நாஸ்ட்ரானின் உள்ளீட்டுக் கோப்பில் அந்த எட்டு எழுத்துக் கட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்டீலின் யங் மாடுலஸை, அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் எண்ணை, 210000 என்று வெறுமனே எழுதினால் அது முழு எண் என்று திட்டும். கடைசியில் ஒரு புள்ளி வைத்து 210000. என்று எழுத வேண்டும். மேலே புதுச் சட்டை, உள்ளே தாத்தா. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி எரருக்குக் காரணம் புரிந்துவிடும்.

போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு பெண் தன் ஃபோல்டருக்கு 'பாலம்' என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். மாடல் வந்தது, மெஷ் விழுந்தது, சால்வ் கொடுத்ததும் "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் அதே மாடல் ஓடுகிறது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றியதும் ஓடிற்று. எனக்கு உள்ளூரக் கோபம்தான், தமிழில் ஒரு ஃபோல்டர் பெயர் வைக்கக்கூட விடாத சாஃப்ட்வேருக்கு எத்தனை லட்சம் கொடுக்கிறோம் என்று. ஆனால் திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டியவருக்குக் கோபம் உதவாது. வேலை செய்யும் ஃபோல்டரின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவெளியும் வேண்டாம். விண்டோஸில் உங்கள் பயனர் பெயரிலேயே இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் தற்காலிகக் கோப்புகளும் அந்தப் பெயருள்ள ஃபோல்டரில்தான் போய் விழும். அதனால் சுருக்கமான பெயரில் புது அக்கவுண்ட் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

டெஸ்க்டாப்பில் வைத்து வேலை செய்வதும் வேண்டாம். பல லேப்டாப்பில் டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். சால்வர் ஜிபி கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்டிரைவ் அந்தக் கோப்பை மேலே ஏற்றப் பார்க்கும். ரெண்டுக்கும் இழுபறி. இறக்கிய ஜிப் கோப்பைப் பிரிப்பதும் டிரைவின் வாசலிலேயே, ஓரெழுத்து ஃபோல்டரில் இருக்கட்டும். பழைய விண்டோஸ் வழக்கப்படி ஒரு கோப்பின் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டக் கூடாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று பிரித்தால் நடுவில் சில கோப்புகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். இன்ஸ்டால் பாதியில் நிற்கும்போது நாம் சாஃப்ட்வேரைத் திட்டுவோம்.

இனி லைசென்ஸ். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான்.

கம்பெனிகள் இந்த சாஃப்ட்வேரை ஆளுக்கு ஒன்று வாங்குவது குறைவு. இருபது பேர் இருக்கும் இடத்தில் ஐந்து லைசென்ஸ் வாங்கி ஒரு சர்வரில் வைப்பார்கள். திறக்கும்போது ஒன்று எடுத்துக்கொள்ளும், மூடும்போது திருப்பிக் கொடுத்துவிடும். நூலகத்தில் ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதி மாதிரி. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற ஏற்பாடு. பழைய ஆட்கள் இன்றும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்றுதான் சொல்வார்கள்.

வரும் லைசென்ஸ் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒன்றும் ஆகாது. முதல் வரி 'சர்வர்' என்று தொடங்கும். அதில் மூன்று விஷயம். சர்வரின் பெயர், அதன் அடையாள எண், போர்ட் எண். அடையாள எண் என்பது பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டில் இருக்கும் மேக் முகவரி, பன்னிரண்டு இலக்கம். போர்ட் என்பது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது. ஆன்சிஸுக்கு வழக்கமாக 1055, காம்சாலுக்கு 1718, மேட்லாபுக்கு 27000. உங்கள் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 1055@சர்வர்பெயர். பெயரையும் போர்ட்டையும் தேவைப்பட்டால் நாமே மாற்றலாம். அடையாள எண்ணில் கை வைத்தால் கோப்பு செல்லாது, ஏனென்றால் கீழே இருக்கும் நீளமான கையெழுத்து அந்த எண்ணையும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அனுபவமுள்ள ஐடி ஆட்களே அதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். சர்வரில் ஓடுவது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். முதல் ஆள் வாசல் காவலாளி. 1055-ஐத் தட்டினால் அவர் எழுந்து, "உங்க சாஃப்ட்வேர் ஆள் அந்த ரூம்ல இருக்கார், அங்க போங்க" என்று வேறொரு போர்ட்டைக் காட்டுவார். அந்த இரண்டாவது ஆளுக்கு வெண்டார் டீமன் என்று பெயர். லைசென்ஸைக் கையில் கொடுப்பவர் அவர்தான். சிக்கல் என்னவென்றால் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் அவர் ரூம் மாறலாம். நெட்வொர்க்குக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலில் 1055 மட்டும் திறந்து வைத்திருந்தால், சர்வர் நலமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் காட்டும், லைசென்ஸ் மட்டும் வராது. 'வெண்டார்' என்று தொடங்கும் அந்த இரண்டாவது வரியின் கடைசியில் போர்ட் எண் ஒன்றை நிலையாக எழுதி, இரண்டு போர்ட்டையும் ஃபயர்வாலில் திறக்கச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஒரு ஆபீஸில் இரண்டு நாள் போனது. எங்கள் ஐடி நண்பர் ஒருவர் எது நடந்தாலும் "சர்வர் டௌன் ஆகிதே" என்று கன்னடத்தில் ஒரே பதில் வைத்திருப்பார். அன்றைக்கு சர்வர் டௌன் ஆகவே இல்லை.

எரர் நம்பர்கள் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சாஃப்ட்வேர் மாறினாலும் ஃப்ளெக்ஸ்நெட்டில் அவை மாறாது. மைனஸ் 15 என்றால் சர்வரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் வழி), ஃபயர்வால், தப்பான பெயர், தப்பான போர்ட், இவற்றில் ஒன்று. மைனஸ் 97 என்றால் காவலாளி இருக்கிறார், இரண்டாவது ஆள் எழவில்லை. மைனஸ் 4 வந்தால் சந்தோஷப்படுங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, ஐந்து பேரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவ்வளவுதான். யாராவது திறந்துவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். மைனஸ் 5 என்றால் நீங்கள் கேட்கும் மாட்யூலை கம்பெனி வாங்கவே இல்லை. மைனஸ் 10 என்றால் காலம் முடிந்தது. மைனஸ் 9 என்றால் அடையாள எண் ஒத்துப்போகவில்லை.

இந்த மைனஸ் 9 ஒரு தடவை என்னை நன்றாகச் சுற்றலில் விட்டது. ஒரு இன்ஜினியரின் லேப்டாப்புக்கென்றே வாங்கிய தனி லைசென்ஸ். ஆபீஸில் ஓடும், வீட்டுக்குக் கொண்டுபோனால் ஓடாது. கடைசியில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, ஐபிகான்ஃபிக் ஆல் என்று அடித்து, 'பிசிகல் அட்ரஸ்' வரிகளை ஒவ்வொன்றாக லைசென்ஸ் கோப்போடு ஒப்பிட்டோம். எதுவும் ஒத்துவரவில்லை. லைசென்ஸ் கேட்ட நாளில் லேப்டாப் டாக்கிங் ஸ்டேஷனில் செருகியிருந்திருக்கிறது. அனுப்பிய மேக் முகவரி டாக்கில் இருந்த லேன் கார்டுடையது! அவர் லைசென்ஸ் வாங்கியது லேப்டாப்புக்கு இல்லை, மேசைமேல் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு. வைஃபை முகவரியைக் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். விண்டோஸில் முகவரியை அவ்வப்போது மாற்றிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு வேறு எண்.

இன்னொன்று மழைக்காலக் கதை. கரண்ட் போய்விட்டுப் போய்விட்டு வந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு யாருக்கும் லைசென்ஸ் வரவில்லை. மைனஸ் 88. சிஸ்டம் கடிகாரம் பின்னால் திருப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். யாரோ காலாவதியான லைசென்ஸை ஏமாற்றி ஓட்டப் பார்க்கிறார்கள் என்று அது சந்தேகப்படுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. லைசென்ஸ் சர்வராக ஓடியது பத்து வருடப் பழைய டெஸ்க்டாப். மதர்போர்டில் கடிகாரத்தைக் காக்கும் பட்டன் செல் செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் போய் சிஆர் 2032 செல் ஒன்று வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்து, லைசென்ஸ் சர்வீஸை மறுபடி எழுப்பினோம். லட்சக்கணக்கில் விலை வைத்த சாஃப்ட்வேர் ஒரு வாட்ச் கடைச் சமாச்சாரத்துக்காக நின்றது.

சர்வர் இல்லாமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் மாணவர் பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அளவுக்கு மட்டும் வரம்பு உண்டு. மெஷ்ஷின் ஒவ்வொரு துண்டுக்கும் எலிமென்ட் என்று பெயர், துண்டுகளை இணைக்கும் புள்ளிக்கு நோடு என்று பெயர். ஆன்சிஸ் மாணவர் பதிப்பில் ஸ்ட்ரக்சுரல் கணக்குக்கு 1,28,000 நோடு அல்லது எலிமென்ட் வரை, அபாகஸ் லேர்னிங் எடிஷனில் 1,000 நோடு. கற்றுக்கொள்ள முன்னது தாராளம், பின்னது கொஞ்சம் இறுக்கம். எந்தக் கட்டும் இல்லாமல் வேண்டும் என்றால் கால்குலிக்ஸ், ஓப்பன்ஃபோம் இரண்டும் திறந்த மூலம். பென்டிரைவில் 'ஃபுல் வெர்ஷன்' வைத்திருப்பதாகச் சொல்லும் சீனியர் எல்லா பிஜியிலும் ஒருவர் இருப்பார். அதைப் போட முதல் படியே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வது. உள்ளே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகினால் கம்பெனிக்கே வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

1,28,000 நோடுக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? ஒரு திடப்பொருள் மாடலில் ஒவ்வொரு நோடுக்கும் மூன்று திசை நகர்வு. ஆக 3,84,000 அறியாத எண்கள். நேரடி சால்வர் முழுக்க ரேமிலேயே கணக்குப் போட வேண்டுமானால் பத்து லட்சம் அறியாத எண்களுக்குத் தோராயமாக 10 ஜிபி என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. அப்படியானால் இதற்கு 4 ஜிபிக்குப் பக்கம். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸும் பிரவுசரும் பாதியைத் தின்றுவிட்ட பிறகு இது மூச்சுமுட்ட ஓடும். ரேம் போதாவிட்டால் டிஸ்க்கில் எழுதி எழுதிக் கணக்குப் போடும். வேகம் விழும், அதோடு சி டிரைவும் நிறையும். நடுராத்திரியில் சால்வர் நின்றுபோனால் முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோ திறந்து மாடல் தெரிய வேண்டிய இடம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அது கிராஃபிக்ஸ் சமாச்சாரம். லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும்போது விண்டோஸ் சின்னதைக் கொடுத்திருக்கும். செட்டிங்ஸில் அந்தப் புரோகிராமுக்கு மட்டும் பெரியதைக் கொடுத்து, டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அபாகஸில் சொந்தமாக மெட்டீரியல் சப்ரூட்டீன் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதை ஓட்ட அபாகஸ் மட்டும் போதாது. இன்டெல் ஃபோர்ட்ரான் கம்பைலரும் அதற்குத் துணையாக விஷுவல் ஸ்டுடியோவும் வேண்டும். மூன்றின் பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பலர் எல்லாவற்றிலும் புதியதை இறக்கிப் போடுகிறார்கள். பழைய அபாகஸ் ஐஃபோர்ட் என்ற கம்பைலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இன்டெல் 2025 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டு ஐஎஃப்எக்ஸ் என்பதை மட்டும் தருகிறது. கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லை, அதனால் எரர். முதலில் உங்கள் அபாகஸ் பதிப்பு எந்தக் கம்பைலரை ஏற்கும் என்ற பட்டியலைப் பாருங்கள், பிறகு இறக்குங்கள். போட்டு முடித்ததும் அபாகஸ் வெரிஃபை என்ற கட்டளையை ஓட்டினால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

அபாகஸில் கரண்ட் போய் நின்ற வேலையை மறுபடி ஓட்டும்போது "இந்த ஜாப் ஏற்கெனவே ஓடுகிறது" என்று அடம்பிடித்தால், ஃபோல்டரில் எல்சிகே என்று முடியும் பூட்டுக் கோப்பு ஒன்று அனாதையாகக் கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் சால்வர் நிஜமாகவே ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அதை அழியுங்கள்.

உதவி கேட்கும்போது "ஒர்க் ஆகல" என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்தச் சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, கடைசியாக ஓடிய நாளுக்குப் பிறகு என்ன மாறியது, லாக் கோப்பு. லாக்கைத் திறந்தால் எல்லோரும் கடைசி வரிக்குப் போகிறார்கள். கடைசியில் இருப்பது விழுந்தவன் போட்ட சத்தம். எங்கே தடுக்கினான் என்பது மேலே, முதல் எரர் வந்த இடத்தில் இருக்கும்.

சேலத்துத் தம்பிக்கு வருவோம். ஆபீஸ் விபிஎன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆன் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். ஆன் செய்தும் அதே மைனஸ் 15. சர்வரின் பெயர் ஆபீஸுக்குள்ளேதான் எடுபடும், வெளியிலிருந்து அந்தப் பெயர் புரியவில்லை. பெயருக்குப் பதில் ஐபி முகவரியை எழுதச் சொன்னேன். பதினொன்றேகால் மணிக்குத் திறந்தது. "வந்துருச்சு அண்ணா!" என்று கத்தினான். பிஜியில் யாரோ அவனைத் திட்டியதும் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன்.

"அண்ணா, சால்வ் குடுத்தா ஏதோ ஸ்மால் பிவட்னு நிக்குது. திரும்ப அன்இன்ஸ்டால் பண்ணிடட்டுமா?"

"டேய், அந்த பிராக்கெட்டை எங்கேயாவது ஃபிக்ஸ் பண்ணியிருக்கியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இல்லண்ணா. லோடு மட்டும்தான் குடுத்தேன்."

"அது அந்தரத்துல பறக்குதுடா. போல்ட் ஓட்டை நாலையும் ஃபிக்ஸ் பண்ணிட்டு ஓட்டு. நான் தூங்கப் போறேன்."